விலையில்லாததும் கட்டற்றதும்: விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரக் கணினி வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. காசில்லாமல் கிடைப்பதும் ஃப்ரீ, கட்டுப்படாமல் இருப்பதும் ஃப்ரீ. 1983 செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் 'குனு' திட்டத்தை அறிவித்ததிலிருந்து, தான் பேசுவது விலையைப் பற்றியல்ல, உரிமையைப் பற்றி என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. தமிழில் இந்தச் சிக்கல் கிடையாது. இலவசம் வேறு, விடுதலை வேறு. நம் தன்னார்வலர்கள் 'கட்டற்ற மென்பொருள்' என்றொரு சொல்லையும் உருவாக்கி நிலைநிறுத்திவிட்டார்கள். ஆனால் மொழி பிரித்து வைத்திருந்ததை நம்முடைய அரசியல் ஒன்றாகச் சேர்த்துவிட்டது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய கருவியின் அதிகாரபூர்வப் பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. கட்டற்ற இயங்குதளம் ஒன்று அதற்குள் விலையில்லாப் பொருளாக நுழைந்தது, விலையில்லாப் பொருளாகவே வாசிக்கப்பட்டது, அப்படியே அழிக்கவும்பட்டது.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் நாம் ஓட்டும் நிரல்களையும் இணைக்கும் அடித்தள மென்பொருள். எந்த எழுத்துருவில் எழுதலாம், எந்தக் கோப்பைத் திறக்கலாம், எந்த விசையில் 'அ' வரும் என்பதெல்லாம் அங்கேதான் நிச்சயமாகின்றன. தமிழில் எழுதுபவன் எவனும் இன்று அதைத் தாண்டி எழுதிவிட முடியாது. அது யாருடைய சொத்து, அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு என்பது எழுத்து அதிகாரம் பற்றிய கேள்வியும்கூட.

கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு உரிமைகள் சொல்லப்படுகின்றன. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், பிரதியெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 'லினக்ஸ்' என்னும் கரு, குனு கருவிகளோடு சேர்ந்து முழு இயங்குதளமானது. இந்த உரிமைகள் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் வந்தபோது என்ன நேர்ந்தது?

2

மையத்திலிருந்து விளிம்புக்கு என்ற வழக்கமான வரிசையில்தான் இதுவும் வந்தது. 1996இல் 'பிசி குவெஸ்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகை லினக்ஸ் குறுந்தகட்டை இதழோடு இணைத்துக் கொடுத்தது. 1998 ஜனவரியில் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு உருவாகி, மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை கூடத் தொடங்கியது. ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்த அக்கூட்டங்களுக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு மாணவன் போக வேண்டுமென்றால் ரயிலில் மூன்று மணி நேரம். போய்ச் சேர்ந்தால் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். 2004 அக்டோபரில் உபுண்டு வந்தது. விண்ணப்பித்தால் உலகில் எந்த முகவரிக்கும் குறுந்தகட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பினார்கள். 2011 ஏப்ரல் வரை இந்த ஏற்பாடு இருந்தது. இணைய வேகம் என்பதே இல்லாத ஊர்களுக்குத் தபால்காரர் மூலம் ஒரு இயங்குதளம் வந்தது என்பது நம் தொழில்நுட்ப வரலாற்றில் கவனிக்கப்படாத ஒரு பக்கம்.

ஆனால் அதற்கு முன்பே இங்கே கணினி வந்துவிட்டது. வந்த வழி வேறு. தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், பத்திரப்பதிவு, இவற்றைச் சுற்றி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள், ஜெராக்ஸ் கடைகள். சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை சாலைகள் கூடும் திண்டிவனத்திலும் இதே காட்சிதான். டைப்ரைட்டர் இருந்த மேசையில் கம்ப்யூட்டர் ஏறியது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், மனு என டி.டி.பி. கடையின் நாலு வேலைகளும் பேஜ்மேக்கரிலும் போட்டோஷாப்பிலும் நடந்தன. சென்னை ரிச்சி தெருவில் உதிரியாக வாங்கிப் பூட்டிய மெஷின். கூடவே ஒரு திருட்டு சிடி. அதில் விண்டோஸ், ஆபீஸ், எழுத்துரு எல்லாம் இருக்கும்.

மேற்கில் கட்டற்ற மென்பொருளை ஆதரித்தவர்கள் முன்வைத்த முக்கியமான வாதங்களில் ஒன்று செலவு: உரிமக் கட்டணம் மிச்சம். இந்த வாதம் திண்டிவனத்துக் கடைக்காரரிடம் செல்லாது. அவர் விண்டோஸுக்குக் காசே கொடுத்ததில்லை. 'இது ஃப்ரீண்ணே' என்று லினக்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால், 'அதுவும் ஃப்ரீதானே தம்பி' என்பார். சட்டப்படி குற்றமாக இருந்தாலும், திருட்டுப் பிரதி தனியுடைமை நிறுவனத்துக்கு ஒருவகையில் உழவும் செய்தது. ஒரு தலைமுறையின் கையைப் பழக்கிக் கொடுத்தது. மேலாதிக்கம் பலாத்காரத்தால் மட்டும் நிற்பதில்லை, இசைவாலும் நிற்கிறது என்றார் கிராம்சி. இங்கே இசைவு கருத்தில் உருவாகவில்லை, விரல்களில் உருவானது. 

விரல்களை நான் உருவகமாகச் சொல்லவில்லை. தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்குப் பழைய தட்டச்சுப் பொறியின் விசை வரிசைதான் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் அரசு 'தமிழ்99' விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தரமாக அறிவித்தது. கடைகளிலும் அலுவலகங்களிலும் வானவில் முதலான எழுத்துரு மென்பொருள்கள் பழைய விசை வரிசையோடு தொடர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியேற்றம். ஒரு எழுத்துருவில் அடித்த மனுவை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். அந்த மென்பொருள்கள் ஓடியது விண்டோஸில். ஆக, ஒரு தாலுகா அலுவலகத்து டைப்பிஸ்ட்டை விண்டோஸோடு கட்டிப் போட்டது அமெரிக்க நிறுவனம் மட்டுமல்ல, நம்முடைய எழுத்துருக்களும்தான். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, அரசு யுனிகோடை ஏற்றது. எந்த இயங்குதளத்திலும் தமிழ் தமிழாகவே தெரிவதற்கான வழி அதனால் ஆவணங்களுக்குத் திறந்தது. கைகளுக்கு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

3

அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராகச் சி. உமாசங்கர் 2006 முதல் 2008 வரை இருந்தபோது அந்த நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசுக் கொள்முதலிலும் லினக்ஸ் இடம்பெற்றது. 2007இல் சி-டாக் 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய வெளியீட்டைக் கொண்டுவந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளில் இயங்குவதே அதன் நோக்கம். அதன் வேலை பெரிதும் சென்னையில் நடந்தது. அடுத்து 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஐந்தாண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்கு என்பது இலக்கு, முதலாண்டில் 9.12 லட்சம். திட்டம் நின்றுபோவதற்குள் 50 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் கொடுக்கப்பட்டன. அவற்றில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் உலகிலேயே மிகப் பெரிய லினக்ஸ் விநியோகங்களில் ஒன்று இது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்துப் பத்தாண்டுகள் உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அதைப் பற்றி உலகமெங்கும் எழுதினார்கள். 2017இல் அந்நகராட்சி விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தபோதும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் பல லட்சம் வீடுகளுக்குள் லினக்ஸ் போனது, யாரும் எழுதவில்லை. போனதே தெரியாமல் போனது என்பதுதான் காரணம்.

எங்கள் பக்கம் நான் பார்த்தது இது. பொத்தானை அழுத்தியதும் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு கருப்புத் திரை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. செஞ்சி, மயிலம், மரக்காணம் பக்கமிருந்து வந்த பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்கவும் ஆளில்லை. அந்த வீட்டுக்கே அதுதான் முதல் கணினி. 2011 கணக்கெடுப்பில் மாநில எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் 72 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளை நேரே பஜாருக்குப் போகும். 'அண்ணா, இதுல படம் ஓடல, கேம் ஏறல.' கடைக்காரர், 'ரெண்டு இருக்குது, ஒண்ண தூக்கிட்டா எடம் நெறைய கெடைக்கும்' என்று நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு லினக்ஸ் பகுதியை அழித்துவிடுவார். மேல்மூடியில் முதலமைச்சர் படம் அப்படியே இருக்கும்.

பாடநூலில் ஏதும் இல்லையா என்றால், இருந்தது, அதுதான் வேடிக்கை. 2005ஐ ஒட்டி வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகம் மைக்ரோசாஃப்டின் ஆபீஸைச் சொல்லித்தரவில்லை. ஸ்டார் ஆபீஸைச் சொல்லித்தந்தது. இன்றைய லிப்ரே ஆபீஸின் மூதாதை அது. 2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் உண்டு; ஓப்பன் ஆபீஸும் உண்டு. ஆக, பிரதியில் கட்டற்ற மென்பொருள் இருந்தது. ஆனால் பிரதி வேறு, நடைமுறை வேறு. ஸ்டார் ஆபீஸ் மெனுவின் பெயர்களை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். திரையில் அவர்கள் அதைப் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே இருக்கிறது கேரளம். அங்கே 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. கணினிப் பாடத்தைத் தனியுடைமை மென்பொருளோடு கட்டுவதா என்ற விவாதம் ஆசிரியர் சங்கங்களுக்குள்ளேயே நடந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பள்ளிக்கென்றே தயாரித்த குனு/லினக்ஸ் வெளியீடு, மலையாளத்தில் பாடநூல், கடைசியாகப் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிவிட்டன. 2017இல் அந்தத் திட்டமே 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. மலையாளிகளுக்குத் தனியாக ஏதோ முற்போக்கு ரத்தம் ஓடுகிறது என்று இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே முதலில் ஆசிரியரின் கை மாறியது, பிறகு மாணவரின் கை. இங்கே நேரே பொருள் வந்தது. 

2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவதையொட்டி, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ளும்படி தமிழக அரசு அறிவுறுத்தியதற்கும் இதே கதிதான். அந்த ஏப்ரல் 8க்குப் பிறகும் பல அலுவலகங்களில் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி ஓடிக்கொண்டிருந்ததை மனுவோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

4

மொழிக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டை ஒட்டி, 'தமிழினிக்ஸ்' என்ற பெயரில் தமிழகத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் சேர்ந்து கே.டி.இ. என்ற லினக்ஸ் திரைச்சூழலைத் தமிழாக்கினார்கள். க்னோம் சூழலும் தமிழில் வந்தது. எந்த நிறுவனத்திடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாமல் ஒரு மொழிச் சமூகம் கணினியின் முகத்தைத் தன் மொழிக்கு மாற்றிக்கொண்டது. தனியுடைமை மென்பொருளில் தமிழ் என்பது சந்தை பார்த்து நிறுவனம் தருவது; இங்கே அது எடுத்துக்கொள்வது. இந்த வேறுபாட்டைத் தமிழ்த் துறைகள் இன்றுவரை சரியாக உள்வாங்கவில்லை என்பது என் குற்றச்சாட்டு. எம்.ஏ. தமிழில் கணினித் தமிழ் என்றொரு தாள் நானும் படித்தேன். அதில் விசைப்பலகை வகைகள் இருந்தன, உரிமை என்ற சொல் இல்லை.

இந்தத் தமிழாக்கத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. சாளரம், கோப்புறை, அமைவுகள் என்ற சொற்கள் தூய தமிழ் மரபில் வந்தவை. அவற்றில் சில நிலைத்தன. 'கோப்பு' ஏற்கெனவே அரசு அலுவலகத்தில் புழங்கிய சொல் என்பதால் எளிதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் கடைத்தெருவில் 'போல்டர ஓப்பன் பண்ணு' என்பதுதான் தமிழ். ஆங்கிலமும் தெரியாமல், இந்தச் சொற்களும் தெரியாமல் வந்த பிள்ளை இரண்டு தடவை அந்நியப்பட்டது. சொற்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. சொல் பழகுவதற்கு வாய் வேண்டும், வாய் பழகுவதற்குக் கூட்டம் வேண்டும். அதைப் புரிந்துகொண்டு, 2012இல் த. சீனிவாசன் முதலானோர் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் வேறு நடையைப் பிடித்தது. து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை நூல்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்வதைப்போல, கட்டளை கட்டளையாக லினக்ஸை விளக்கின. யாரும் பிரதியெடுக்கலாம் என்ற உரிமத்தோடு அவை வந்தன. 

5

விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். 2013 வாக்கில் செயல்படத் தொடங்கிய குழு இது. 2008இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வந்திருந்தன. பொறியியல் படித்த ஒரு முதல் தலைமுறை உள்ளூரிலேயே உருவாகியிருந்தது. பெருநகரக் குழுக்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கணினித் தொழிலில் இருந்தவர்கள் கூடும் இடங்கள். விழுப்புரத்துக்காரர்கள் கிராமத்துக்குப் போனார்கள். பள்ளி, கல்லூரிகளில் பயிலரங்கு, மென்பொருள் சுதந்திர தினக் கொண்டாட்டம், கிராமப்புற முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி என்று அவர்களுடைய வேலை விரிந்தது. பேச்சு முழுக்கத் தமிழில். அதுவும் பேச்சுத் தமிழில்.

இவர்களுடைய தொழில்நுட்பம் புதியதல்ல. மற்ற இடங்களில் நிறுவுவதைத்தான் இவர்களும் நிறுவினார்கள். ஆனால் 'இந்தா, வச்சுக்கோ' என்று கொடுத்துவிட்டுப் போகாமல், ஒரு பயனர் பக்கத்தில் இன்னொரு பயனர் உட்கார்ந்தார். பழுதானால் கேட்க ஆள் இருந்தது. பஜார் கடைக்காரருக்கு இருந்த அதிகாரத்தின் ரகசியம் வேறென்ன? பழுதானால் போய் நிற்க அவர் இருந்தார், அவ்வளவுதான். குழு அந்த இடத்தைக் காசில்லாமல் எடுத்துக்கொண்டது. கூடவே, அடுத்த முறை நீயே செய்துகொள் என்று கற்றும் கொடுத்தது. விலையில்லாமை கட்டறுதலாக மாறிய புள்ளி அதுவே.

இதற்கு ஒரு சாதி முகமும் உண்டு. அறிவைப் பகிர்வது என்பது இந்த மண்ணில் எளிய விஷயமல்ல. யார் எதைப் படிக்கலாம், யார் யாருக்குச் சொல்லித் தரலாம் என்று நூற்றாண்டுகளாக வேலி போட்ட சமூகம் இது. ஊரும் சேரியும் தனியாக இருக்கும் ஒரு மாவட்டத்தில், 'மூல நிரல் எல்லாருக்கும் உரியது' என்ற வாக்கியம் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதைப்போல ஒலிக்காது. ஸ்டால்மனுக்கு எதிரே இருந்தது பதிப்புரிமை. இங்கே அதற்கும் முன்னால் வேறொரு உரிமைமறுப்பு இருக்கிறது.

சந்தேகங்களும் எனக்கு உண்டு. பயிற்சிக்கு வரும் பிள்ளை விடுதலையைத் தேடி வருவதில்லை, வேலையைத் தேடி வருகிறது. பைத்தானும் லினக்ஸும் கற்றால் சென்னையில், பெங்களூரில் வேலை. உலகின் சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில் ஓடுகிறது. அந்த சர்வர்களை வைத்திருப்பவை பெருநிறுவனங்கள். கட்டற்றதைக் கற்றுக்கொண்டு போய் கட்டுகிற இடத்தில் சேருவதா? கேட்கலாம். ஆனால் பசித்த வீட்டுப் பிள்ளையிடம் முதலில் தத்துவத்தைக் கேட்கிற உரிமை நமக்கு இல்லை. அது சம்பாதிக்கட்டும், சம்பாதித்தவர்கள் ஊருக்கு வந்து அடுத்த செட்டுக்குச் சொல்லிக்கொடுத்தால் அதுவே ஒரு பகிர்தல்தான்.

6

'இனி யாருக்கு சார் கம்ப்யூட்டர்? எல்லாம் போன்லதான்' என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், இன்னும் ஒரு படி மேலேயும் போகிறேன். ஆண்ட்ராய்டின் கரு லினக்ஸ்தான். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் சட்டைப் பையில் லினக்ஸை வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஆனால் அந்தப் போனை அவர்கள் திறக்க முடியாது, மாற்ற முடியாது. எந்தச் செயலி இருக்கலாம் என்பதை வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். பரவல் வேறு, விடுதலை வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். எத்தனை கணினியில் லினக்ஸ் ஏறியது என்று எண்ணுவது நம் வேலையல்ல. எத்தனை பேர் அதைத் தன் கையால் ஏற்றினார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு ஏற்றிக் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வி இப்போது அவசரமானது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய செயலியும் வேண்டும். 2011 முதல் பத்தாண்டுகளில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அந்தத் தகுதியைத் தாண்டாது. அவை நம் மாவட்டத்து வீடுகளில் பரணிலும் பீரோ மேலும் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், திரையும் விசைப்பலகையும் நல்ல நிலையில் இருக்கும். எடைக்குப் போட்டால் இரும்புக்கடை. இலகுவான ஒரு குனு/லினக்ஸ் வெளியீட்டை ஏற்றி, மின்கம்பியில் சொருகி வைத்தால், அந்த வீட்டின் அடுத்த பிள்ளை படிக்க, எழுத, நிரல் பழகப் போதுமான கணினி. இதற்கு அரசாணை தேவையில்லை. ஒரு யூ.எஸ்.பி. குச்சியும், ஒரு மணி நேரமும், சொல்லித்தர ஒரு ஆளும் தேவை.

அரசும் சும்மா இல்லை. 2025 மார்ச்சில் தாக்கலான நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. மடிக்கணினி கொடுத்ததைக் கேலி செய்த படித்த நடுத்தர வர்க்கத்தோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை; 'இலவசம்' என்று மூக்கைச் சுளித்தவர்களின் வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தது. கொடுக்க வேண்டும், கட்டாயம் கொடுக்க வேண்டும். நான் கேட்பது, கொடுத்த பிறகு அந்தக் கருப்புத் திரையின் முன் பிள்ளை உட்காரும்போது பக்கத்தில் யார் இருப்பார் என்பதைத்தான். கொள்முதல் ஒப்பந்தத்தில் இயங்குதளத்துக்கு ஒரு வரி இருக்கிறது. சொல்லித் தருபவருக்கு ஒரு வரிகூட இல்லாமல் 2011ஐ இன்னொரு முறை நடத்திப் பார்க்க வேண்டியதில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி, தேர்வில் செய்முறை, ஊருக்கு ஒரு பயனர் குழு. முதல் இரண்டையும் கேரளம் செய்து காட்டியிருக்கிறது. மூன்றாவதை விழுப்புரத்துப் பிள்ளைகள் எந்த அரசாணையும் இல்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.